பத்து பம்பு மூடிகள்

தமிழ் டைப்பிங் பண்ணுவீங்களாங்க்கா? வெளிய போர்டுல போட்டிருந்துச்சு. மனுதானுங்க, ஒரே பக்கம். கையில எழுதிட்டு வரலை. எழுத உக்காந்தா ஆத்திரத்துல பேனா பேப்பரக் கிழிச்சுட்டுப் போகுது. நான் சொல்லச் சொல்ல நீங்க அடிங்க. எழுத்துப் பிழை, மரியாதை எல்லாம் நீங்களே பாத்துப் போட்டுக்கோங்க. பிளஸ் டூல நான் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவ, எனக்குத் தமிழ்ல ஒரு லீவ் லெட்டர்கூட ஒழுங்கா எழுத வராது.

பெறுநர், தாளாளர் ஐயா. காலேஜ் உங்களுக்கே தெரியும், கேட்டு எதிர்த்தாப்புலதான இருக்குது. துறைத்தலைவருக்கு எழுதினா அவரு டிராயர்ல போட்டுச் சாத்திடுவாரு. தாளாளர் ஐயாவுக்கு இங்கிலீஷ்ல குடுத்தா பிரிக்கவே மாட்டாராம், தமிழ்ல குடுத்தா அன்னிக்கே ஆளைக் கூப்புட்டு விசாரிப்பாராம். ஆபீஸ்ல இருக்கறவங்க சொன்னாங்க. அதுக்குத்தான் இந்த வெயில்ல உங்க கடைக்கு வந்து நிக்கறேன்.

பொருள்னு போட்டு, 'இறுதியாண்டுத் திட்டப்பணிக் குழுவிலிருந்து மாணவர் சுடலைமணியை நீக்கக் கோருதல்.' போட்டாச்சுங்களா? சுடலைமணி, சேத்து ஒரே வார்த்தை. ஆமாங்க, திருநெல்வேலிப் பக்கம்.

திங்கக்கெழம வைவா. வெளிய இருந்து எக்ஸாமினர் வந்து கேள்வி கேப்பாரு. குழுவுல பேரு இருந்தாத்தான் உக்கார முடியும். பேரை எடுத்துட்டா அடுத்த வருசம் புதுசா புராஜெக்ட் பண்ணோணும். ஒரு வருசம் போகும், ஆமா. டிகிரி கைக்கு வராது. ஜூன் மாசம் அவன் சேர வேண்டிய வேலையும் போயிடும். போகட்டுமே. எனக்குப் போகலையா?

ஐயோ, அதை அடிக்காதீங்க்கா. அது உங்ககிட்ட சொன்னது. இனிமே மனுவுக்குப் போறத நான் 'இது மனுவுக்கு'ன்னு சொல்லிட்டே சொல்றேன். மத்தது உங்களுக்கு. நீங்களும் விவரம் தெரிஞ்சு அடிச்சாத்தான நல்லா வரும்?

இது மனுவுக்கு. நான் சிந்துஜா, இயந்திரவியல் துறை, குழுத் தலைவி. ஏழு செமஸ்டரும் வகுப்புல முதலிடம். அதைக் கண்டிப்பாப் போடுங்க. பையனுக அறுவது பேரு, பொண்ணுக நாலே பேரு, அதுல முதலிடம்னா சும்மா வராதுங்க. குழுவுல நாங்க மூணு பேரு. நான், அஸ்வத், அப்புறம் இவன். அஸ்வத் மெஷினுக்கு புரோகிராம் எழுதறவன். இவன் லேட்டரல். அதாவதுங்க்கா, பாலிடெக்னிக்ல டிப்ளமா முடிச்சுட்டு நேரா ரெண்டாவது வருசத்துல வந்து சேர்றவங்கள அப்படிச் சொல்லுவோம். கணக்குன்னா அவனுக்குக் காய்ச்சல் வந்துடும். ஆனா ஒரு இரும்புத் துண்டையும் ஒரு அரத்தையும் குடுத்தீங்கன்னா வாயத் தொறக்காம நாள் பூரா ராவிட்டு நிப்பான். எந்தக் குழுவுலயும் அவனைச் சேத்துக்கலை. நான்தான் பாவம்னு சேத்துக்கிட்டேன். பட்டறை வேலைக்கு ஒரு ஆளு வேணுமில்ல?

அந்தக் கடைசி வரி வேண்டாம். எடுத்துடுங்க.

புராஜெக்ட் என்னன்னு கேக்கறீங்களா? சொல்றேன், இது உங்களுக்கு. இங்க பம்பு கம்பெனி ஒண்ணு, பேரு வேண்டாம் விடுங்க. பம்புக்கு மேல ஒரு மூடி வரும். வார்ப்பிரும்பு. சாப்பாட்டுத் தட்டு அகலம், ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிட்டிருக்கும். அதுல ஆறு ஓட்டை போடோணும். ஓட்டை போடறது கம்ப்யூட்டர் மெஷின், நாப்பது செகண்டுல ஆறையும் போட்டு முடிச்சுடும். ஆனா அந்த மூடிய அசையாமப் பிடிச்சு வைக்கறது இன்னும் ஆளுதான். சரசக்கான்னு ஒரு ஆபரேட்டர் இருக்காங்க. ஸ்பேனர் வச்சு நாலு போல்ட்டு முறுக்கோணும், ஓட்டை போட்டதும் நாலையும் கழட்டோணும். மெஷின் வேலை நாப்பது செகண்டு, சரசக்கா வேலை மூணு நிமிசம். ஒரு நாளைக்கு நூறு மூடிக்கு மேல. மணிக்கட்டுல பட்டை சுத்திட்டுத்தான் நிப்பாங்க.

நாங்க செஞ்சது பிக்ஸ்சர். ஒரு கனமான இரும்புப் பலகை. அதுமேல ரெண்டு தடுப்பு, ஒவ்வொரு காதுக்கும் ஒண்ணு. தடுப்புக்கு நடுவுல மூடிய எறக்கி வச்சுட்டு காலால பெடலை அழுத்தினாப் போதும், காத்தழுத்தத்துல நாலு கை வந்து கப்புன்னு பிடிச்சுக்கும். அஞ்சே செகண்டு. எப்படிங்க்கா? நல்லாருக்குதில்ல? முழுசா என் யோசனை.

அங்க வெள்ளியங்கிரி சார்னு ஒர்க்ஸ் மேனேஜரு. மொத நாளே சொன்னாரு, "அம்மிணி, பத்து மூடி தொடர்ச்சியா பழுதில்லாம வந்துச்சுன்னா பிக்ஸ்சர நாங்க எடுத்துக்கறோம். உங்க மூணு பேருல ஒருத்தருக்கு டூல் ரூம்ல வேலை"ன்னு. ஒருத்தருன்னா யாருங்க்கா? தலைவிதான? எங்கப்பா அன்னிக்கு ராத்திரியே பெரியப்பா வீடு, அத்தை வீடு எல்லாத்துக்கும் போன் போட்டுச் சொல்லிட்டாரு. எங்க சொந்தத்துல பட்டறைப் பக்கம் ஒரு பொண்ணு போனதில்லை. பேங்க் பரிச்சை எழுதுன்னு நாலு வருசமா என்னை அரிச்செடுத்தவங்க எல்லாரும் வாய மூடுனாங்க. அந்த வேலைக்காக நான் ரெண்டு ஐ.டி. கம்பெனி இன்டர்வியூவுக்குப் போகவே இல்ல.

மாதிரிக்கு ஒரு மூடி குடுத்தாரு. அவரு ரூம்ல கண்ணாடி அலமாரில இருந்தது, பெயிண்ட் அடிச்சு பளபளன்னு. ஒவ்வொரு அளவும் நானே எடுத்தேன், மத்த ரெண்டு பேரையும் தொட விடலை. கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, மூடியையும் பிக்ஸ்சரையும் சேத்து உக்கார வச்சுப் பாத்தேன். கச்சிதம். எங்க கைடு சாரே ஸ்கிரீனைப் பாத்துட்டு, "இதை அப்படியே கண்காட்சிக்கு அனுப்பலாம்மா"ன்னாரு.

பலகையும் தடுப்பும் வெளிய குடுத்து வெட்டி வாங்கினோம். தடுப்பு ரெண்டையும் வெல்டு வச்சுடச் சொன்னது நான். இவன், "போல்ட்டுல வச்சா வேணும்ங்கயில நகத்திக்கிடலாம்லா"ன்னான். நகத்தற மாதிரி வச்சா ஆளாளுக்கு நகத்துவாங்க. நான் எடுத்த அளவ எவன் எதுக்கு நகத்தோணும்? வெல்டு வைன்னேன், வச்சான். அவ்வளவு அழகா வைப்பான் வெல்டு, அதையும் சொல்லோணும். பொய் சொல்லக் கூடாதில்ல.

அப்ப அவன் ஒண்ணு கேட்டான். "கம்பெனியில இருந்து ஒரு பச்ச காஸ்டிங் வாங்கிட்டு வந்து ஒருக்கா வச்சுப் பாத்துருவமா சிந்துஜா"ன்னு. பச்ச காஸ்டிங்னா வார்ப்புல இருந்து வந்த மூடி, லேத்துல கடையாதது. எனக்கு வந்துச்சே கோவம். ஸ்கிரீன்ல உக்காந்துடுச்சு, கைடு சார் பாத்துட்டாரு, இவனுக்கு வச்சுப் பாக்கோணுமாம். "நாலு வருசம் இன்ஜினியரிங் எதுக்குடா படிக்கறோம், ஒவ்வொண்ணா வச்சு வச்சுப் பாக்கறதுக்கா?"ன்னு கேட்டேன். அரத்த எடுத்துட்டுப் போயிட்டான். அவன் எப்பவுமே பதில் சொல்ல மாட்டான். அதுதாங்க்கா அவங்கிட்ட எனக்குப் பிடிக்காதது. மனசுல இருக்கறதச் சொல்லவே மாட்டான்.

இது மனுவுக்கு. 'மேற்படி மாணவர் குழுவினருடன் மனம் விட்டுப் பேசும் வழக்கம் இல்லாதவர்.' நல்லா வந்திருக்குதுங்க்கா. மேற்படின்னா ஒரு கனம் இருக்குது.

டிரையலுக்கு ரெண்டு வாரம் முன்ன, பத்து மூடி காலேஜுக்கு அனுப்பி வச்சாங்க, பழகிப் பாக்கறதுக்கு. அந்த ரெண்டு வாரம் எனக்கு மூச்சு விட நேரமில்லை. சென்னையில ஒரு கான்பரன்ஸ்ல இந்த பிக்ஸ்சரப் பத்தி பேப்பர் வாசிக்கப் போயிருந்தேன். ரெண்டாவது பரிசு. ஊருக்கு வந்து ஒரு வாரம் கழிச்சு ஷாப்புக்குப் போயிப் பாக்கறேன், பத்து மூடியும் தடுப்புக்கு நடுவுல சொருகி வச்ச மாதிரி உக்காருது. ஒண்ணொண்ணா நானே எறக்கிப் பாத்தேன். பெடலை அழுத்தினா கப்பு, விட்டா டப்பு. அஸ்வத் மூஞ்சி மட்டும் ஒரு மாதிரியா இருந்துச்சு. என்னடான்னேன், வயித்து வலின்னான்.

போன புதங்கெழம டிரையல். கம்பெனியில, அவங்க மெஷின்ல. பிக்ஸ்சரையும் அந்தப் பத்து மூடியையும் வேன்ல கொண்டு போயி எறக்குனோம். வெள்ளியங்கிரி சார், எங்க கைடு சார், சூப்பர்வைசருங்க நாலு பேரு, எங்கப்பாவும் வந்து ஓரமா நின்னாரு. சரசக்கா ஒவ்வொண்ணா வச்சாங்க, பெடலை அழுத்தினாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஆறு ஓட்டையும் அளவு பாக்கற கேஜ்ல சரியா விழுந்துச்சு. சரசக்கா கையில சுத்தியிருந்த பட்டையக் கழட்டி ஜாக்கெட்டுக்குள்ள சொருகிட்டாங்க. பத்தாவதும் முடிஞ்சுது. எல்லாரும் கை தட்டுனாங்க. எங்கப்பா அழுதுட்டாருங்க்கா. நான் அவர அப்படிப் பாத்ததே இல்லை.

அதோட விட்டிருக்கலாமில்ல அந்த மனுசன்? பத்துதான பேச்சு? வெள்ளியங்கிரி சார், "ரொம்ப சந்தோசம். நாளைக்குப் போகற லாட்டுல இருந்தே நாலு எடுத்துப் போட்டு விடுங்க, வேலையும் ஆச்சு"ன்னாரு. பக்கத்துல மூடி மலையாட்டம் குமிஞ்சு கெடக்குது. அதுல இருந்து ஒண்ண எடுத்து சரசக்கா தடுப்புக்கு நடுவுல எறக்கறாங்க, எறங்கலை. ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது. திருப்பி வச்சாங்க, அப்பவும் தூக்குது. "உக்கார மாட்டேங்குதே கண்ணு"ன்னாங்க.

நான் என்னங்க்கா பண்ணுவேன்? அத்தன பேரு பாக்கறாங்க. எங்கப்பா கண்ணு தொடைச்ச கர்சீப் இன்னும் கையில இருக்குது. "நீங்க அழுத்துங்க, காத்து இழுத்து உக்கார வச்சுடும்"னேன். அவங்க தயங்குனாங்க. பின்னால இருந்து இவன், "வேண்டாம் சிந்துஜா, நிப்பாட்டு"ன்னான். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. நல்லா போறப்ப எல்லாம் வாய மூடிட்டு நின்னவன், இப்ப வேண்டாம்கறான். நானே போயி பெடலை மிதிச்சேன். ஸ்டார்ட் பட்டனையும் அழுத்தினேன்.

டிரில் பிட்டு முறிஞ்சு, மூடி பிச்சுக்கிட்டுப் போயி மெஷின் கதவுக் கண்ணாடில அடிச்சுது. கண்ணாடி பூராம் விரிசல். சரசக்கா அந்தப் பக்கம்தான் நின்னாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க்கா, ஏன் அப்படிப் பாக்கறீங்க? கண்ணாடி இருக்கறதே அதுக்குத்தான?

வெள்ளியங்கிரி சார் மெஷின் கதவைத் திறந்தாரு. முறிஞ்ச பிட்டை எடுத்து ஓரமா வச்சாரு. ஓட்டை போட்ட பத்தாவது மூடியையும், குமியல்ல இருந்து புதுசா ஒண்ணையும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சாரு. கட்டை விரலால ரெண்டு காதையும் தடவிப் பாத்தாரு. புதுசோட காது சொரசொரன்னு வார்ப்பு மண்ணு வாசத்தோட இருக்குது. பத்தாவதோட காது வழவழன்னு இருக்குது. ஒவ்வொரு காதுலயும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல காணோம்.

நடந்தது என்னன்னா, கண்ணாடி அலமாரில இருந்த மாதிரி மூடி லேத்துல கடைஞ்சு முடிஞ்சது. ஆனா ஓட்டை போடறது கடையறதுக்கு முன்னால. அப்ப காது ரெண்டும் கொஞ்சம் தடிமனா இருக்கும். நான் எடுத்தது கடைஞ்ச மூடியோட அளவு. அதாவது, அவங்க எனக்குக் குடுத்தது தப்பான மாதிரி. அது என் தப்பாங்க்கா? சொல்லிக் குடுத்திருக்க வேண்டாமா?

"இதை யாரு ராவுனது?"ன்னு கேட்டாரு. இவன் ஒரு அடி முன்னால வந்து, "நாந்தான் சார்"ங்கறான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. பிக்ஸ்சருக்கு மூடி உக்காரலைன்னா பிக்ஸ்சர மாத்தோணும். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். செருப்பு கடிச்சா எவனாவது கால ராவுவானா? ஆறு நாள், மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல, காலேஜ் ஃபிட்டிங் ஷாப்புல வைஸ் இடுக்கில மாட்டி மாட்டி, பத்து மூடி, இருவது காது. ஒரு பொய்ய அரம் போட்டு ராவி ராவி எனக்கு முன்னால வச்சிருக்கான். அதைப் பாத்துதான் நான் சிரிச்சேன், எங்கப்பா அழுதாரு.

இது மனுவுக்கு. 'மேற்படி மாணவர், குழுத் தலைவிக்குத் தெரியாமல், பத்து மூடிகளையும் தம் கையாலேயே ஆறு நாட்கள் அரத்தால் ராவி, பிக்ஸ்சர் சரியாக இயங்குவதுபோல் தோற்றம் ஏற்படுத்தினார்.' தோற்றம் ஏற்படுத்தினார், அதுதான் வேணும்.

"ஏந் தம்பி இப்படிப் பண்ணுனே? தடுப்பு தப்புன்னு சொல்றதுதான?"ன்னு வெள்ளியங்கிரி சார் கேட்டாரு. இவன் தரையப் பாத்துட்டு, "சொன்னேன் சார்"னான். "யாருகிட்ட?"ன்னாரு. அதுக்கு மட்டும் வாய் தொறக்கலை. என்னைக் காட்டியிருந்தாலாவது அங்கயே சண்டை போட்டிருப்பேன். காட்டலை. நல்லவனாட்டம் தலையக் குனிஞ்சுட்டு நிக்கறான், அப்ப எல்லாரும் யாரைப் பாப்பாங்க? என்னைத்தான் பாத்தாங்க. எங்கப்பாவும்.

திரும்பி வர்றப்ப வேன்ல அஸ்வத்தைப் பிடிச்சு உலுக்குனேன். உனக்குத் தெரியுமாடான்னு. "தெரியும். அவன் ராவறதைப் பாத்தேன்"னான். எங்கிட்ட ஏன் சொல்லலைன்னா, "நீ கத்துவே"ங்கறான். நான் கத்துவேனாம். நான் எங்கங்க்கா கத்தறேன்? உங்ககிட்ட இவ்வளவு நேரமாப் பேசறேன், கத்துனனா? அந்தம்மா ஜெராக்ஸ் எடுக்க வந்தவங்க ஏன் வெளிய போயி நின்னுட்டாங்க? உள்ளயே வந்து நில்லுங்கம்மா, வெயிலு. நான் ஒண்ணும் உங்களச் சொல்லலை.

அப்புறம் அஸ்வத், "சுடலை வாட்ஸ்அப் குரூப்லயே போட்டோ போட்டானே"ன்னு போனை எடுத்துக் காட்டறான். மூடி தடுப்பு மேல தூக்கிட்டு நிக்கற போட்டோ. கீழ, 'காது இடிக்கி. தடுப்ப வெட்டி எடுத்துட்டு தள்ளி வைக்கணும். ஒரு வாரம் ஆகும். செய்யட்டுமா?'ன்னு. அதுக்கு நான் கட்டை விரல் போட்டிருக்கேன். நான் சென்னை டிரெயின்ல இருந்தேங்க்கா, ஸ்லைடு பண்ணிட்டிருந்தேன். குரூப்ல நூறு மெசேஜ் வரும், எல்லாத்துக்கும் கட்டை விரல் போடறதுதான். குரூப்ல ஒரு போட்டோ போட்டா அது சொன்னதா ஆயிடுமா?

கட்டை விரலைப் பாத்துட்டு வேலைய ஆரம்பிச்சிருக்கலாமேன்னு கேக்கறீங்களா? ஆரம்பிச்சான். நான் சென்னையில இருந்து வந்த அன்னிக்கு கட்டிங் மெஷினைப் பலகைகிட்ட கொண்டு வந்து வச்சுட்டு, ஒரு பச்ச காஸ்டிங்கைத் தூக்கிட்டு லைப்ரரிக்கு வந்து நின்னான். லைப்ரரிக்கு, இரும்பைத் தூக்கிட்டு. எல்லாரும் சிரிக்கறாங்க. நான் மறுபடியும் பேப்பரத் திருத்திட்டிருக்கேன், அதைப் பத்திரிகைக்கு அனுப்போணும், அதுல பிக்ஸ்சரோட போட்டோ, அளவு எல்லாம் போயிடுச்சு. தடுப்பை வெட்டினா பேப்பர் என்னாகறது? டிரையல் தேதி என்னாகறது? "சிந்துஜா, இது உக்காராது"ன்னான். நான் தலையைக்கூட நிமித்தலை. "உக்கார வைக்கறதுதான் உன் வேலை. தடுப்புல கை வச்சே, குழுவுலயே இருக்க மாட்டே. எப்படியாவது உக்கார வை, போ"ன்னேன்.

எப்படியாவதுன்னா? அதுக்கு மூடிய ராவுன்னா அர்த்தம்?

விடுங்க. அது முடிஞ்ச கதை. எனக்கு வயிறு எரியறது எதுக்குன்னா, மறுநாள் வெள்ளியங்கிரி சார் அந்தப் பத்து மூடியையும் எடுத்து அளந்து பாத்திருக்காரு. இருவது காதும் ஒரே அளவு. கையில ராவினது, ஒண்ணுக்கொண்ணு ஒரு முடிகூட வித்தியாசமில்லையாம். காலேஜுக்கு போன் பண்ணி, இவனுக்கு மட்டும் வேலை. "தம்பிக்குக் கை இருக்குது. தம்பி சொல்லறதைக் கேக்கற ஆளுக இருக்கற எடத்துல வச்சா நல்லா வருவாப்ல. தடுப்ப நாங்களே போல்ட்டுக்கு மாத்திக்கறோம், சரசுக்கு பிக்ஸ்சரு வேணும்"னாராம். பிக்ஸ்சர எடுத்துக்கிட்டாங்க. என் பிக்ஸ்சரு. வேலை அவனுக்கு. எங்கப்பா பெரியப்பா வீட்டுக்கு இன்னும் போன் போடலை. நேத்திக்கு ராத்திரி சாப்பிடறப்ப, "பேங்க் பரிச்சை எப்ப கண்ணு?"ன்னாரு. அவ்வளவுதான் கேட்டாரு.

இவன் நேத்து எங்கிட்ட வந்து என்ன சொன்னான் தெரியுங்களா? "நான் வேணா சார்கிட்ட பேசுதேன், நீயும் அங்க சேரலாம்"னான். எனக்கு இவன் சிபாரிசு.

சரிங்க்கா, மனுவை முடிச்சுடலாம். இன்னிக்கு நாலு மணிக்குள்ள குடுத்தாத்தான் திங்கக்கெழமைக்கு முன்ன அவரு விசாரிப்பாரு. இது மனுவுக்கு. 'பிக்ஸ்சரில் உள்ள இக்குறையைப் பற்றி மேற்படி மாணவர், குழுத் தலைவியாகிய என்னிடம் ஒருமுறைகூடத் தெரிவிக்கவில்லை.' முற்றுப்புள்ளி.

ஏன் நிறுத்திட்டீங்க? அடிங்க. என்னங்க்கா, எதுக்கு மூணு விரலக் காட்டறீங்க?

ஓ. அவன் எத்தன தடவை சொன்னான்னு நீங்க எண்ணிட்டிருந்தீங்களா. ஏங்க்கா, அவன் சொன்னது ஒரு சொல்லாங்க்கா? சொல்றதுன்னா வந்து எதிர்ல நின்னு, காது கேக்கறாப்ல, 'நீ தப்பு'ன்னு சொல்லோணும். இவன் பாத்துருவமாங்கறான், செய்யட்டுமாங்கறான். அதெல்லாம் கேக்கறது, சொல்றதில்லை.

சரி. உங்களுக்கு மனசு வரலைன்னா அந்த வரி வேண்டாம். எடுத்துடுங்க. பொய் சொன்னேன்னு எனக்கு எதுக்குப் பேரு. எடுத்துட்டு, மிச்சத்த ஒருக்கா சத்தமா வாசிங்க, கேக்கறேன்.

...

'பத்து மூடிகளையும் தம் கையாலேயே ஆறு நாட்கள்'. ம். வாசிங்க.

...

இதென்னங்க்கா இது? குழுவுக்காக ஆறு நாள் தன் கையாலேயே ராவினான், யாருகிட்டயும் மனம் விட்டுப் பேச மாட்டான், பத்து மூடியும் சரியா வந்துச்சு. இதைப் படிச்சா தாளாளர் ஐயா அவனுக்குச் சால்வை போடுவாரு. அவனுக்கு விருது குடுங்கன்னு நானே எழுதிக் கேட்ட மாதிரி இருக்குது.

அந்த வரி இல்லாம மனுவே இல்லீங்களே. மிச்சம் எல்லாம் அவன் செஞ்ச வேலைதான் இருக்குது.

என்னைப் பாக்காதீங்க, ஸ்கிரீனைப் பாருங்க. நீங்க டைப் அடிக்கறவங்க, சாட்சி சொல்றவங்க இல்லை. கையெழுத்துப் போடறது நான். மணி மூணே காலு ஆச்சு, கேட்டு அடைச்சுடுவாங்க. அந்த வரியத் திருப்பிப் போடுங்க. எங்க இருந்துச்சோ அங்கயே.

ரெண்டு காப்பி எடுங்க. இருங்க, எடுக்கறதுக்கு முன்ன, அந்த 'ஒருமுறைகூட'ங்கறதை மட்டும் கொஞ்சம் தடிமனாப் போட்டு விடுங்க.